வடிகால் கரையில் மகளிர் பேண்டு

தைப்பிங்கில் பிறந்தவளை மழையைக் காட்டிப் பயமுறுத்த முடியாது என்ற நினைப்போடுதான் தஞ்சாவூரில் பஸ் ஏறினேன். மலேசியாவிலேயே அதிகம் மழை பெய்யும் ஊர் என்று எங்கள் ஊருக்குப் பெயர். கார்த்திகையில் டெல்டா பக்கம் போகாதீர்கள் என்று திருச்சியில் டாக்சிக்காரர் சொன்னதைச் சிரித்துத் தள்ளிவிட்டேன்.

கும்பகோணம் தாண்டியதும் மழை பிடித்தது. என் இருக்கைப் பக்கத்து ஜன்னல் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கண்டக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அது ரிப்பேருங்க. கொட இருந்தா விரிச்சுக்குங்க" என்றார் மிக இயல்பாக. வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். முன்னால் பார்த்தால் இரண்டு வரிசைக்கு அப்பால் ஒரு அம்மாள் ஏற்கெனவே குடை விரித்து உட்கார்ந்திருந்தார். நானும் விரித்தேன். எங்கள் ஊர் பஸ்ஸில் இதைச் செய்தால் படம் எடுத்துப் போட்டுவிடுவார்கள். இங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் வந்த வேலை சின்னது. தைப்பிங்கில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் கோயிலை ஒட்டி ஓர் இசைச் சங்கம் உண்டு, அதற்கு நான் செயலாளர். ஆண்டு விழாவுக்கு வெளியிலிருந்து ஒரு குழுவை அழைக்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது, தலைவர் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். சீர்காழிக்குப் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் சிவப்புக் கோட்டும் தொப்பியும் போட்டு ட்ரம்பெட் ஊதிக்கொண்டு ஊர்வலத்தில் நடந்தார்கள். "காணொளியை நம்ப முடியாது. நீங்கள் ஒரு தடவை நேரில் கேட்டுவிட்டு வாருங்கள்" என்றார் தலைவர். என் முன்னோர் இந்தப் பக்கத்தவர்கள் என்று சொல்வார்கள். எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. தேடுவதற்காகவும் நான் வரவில்லை.

சீர்காழி பஸ் நிலையத்தில் என்னைக் கூப்பிட்டுப்போக ஜமால் பாய் வந்திருந்தார். துபாயில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து, கயிறு, ஆணி, தார்ப்பாய், மோட்டார் சாமான் எல்லாம் விற்கும் கடை வைத்திருப்பவர். கடைக்கு மாடியில் இருக்கும் கிடங்கில்தான் பேண்டு சங்கத்தின் பயிற்சி நடக்கிறது. லோடு ஆட்டோவில் முன்னால் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். அவர் வீட்டில் சூடாக இறால் வாடா கொடுத்தார்கள். மாவுக்கு நடுவே முழு இறால் ஒன்று வாலைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான்காவதை எடுக்கும்போது பாயின் மனைவி சிரித்தார். "நல்லா சாப்புடுங்க. நாளைக்கி அவங்க ஊதுறப்ப பக்கத்துல நிக்கிறதுக்குத் தெம்பு வேணும்."

சொன்னது உண்மைதான். மறுநாள் காலை, இட்லியும் கடப்பாவும் சாப்பிட்டுவிட்டு மாடிப்படி ஏறினேன். கடப்பா என்பது பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்ட ஒரு கொத்சு மாதிரி. எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டிச்சானாய்க்குத் தொட்டுக்கொண்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே ஏறினேன். கடைசிப் படியில் கால் வைத்தபோது உள்ளே எல்லோரும் ஒரே நேரத்தில் ஊதத் தொடங்கினார்கள். கிடங்கின் தகரக் கூரை அதிர்ந்தது. வாசலைப் பிடித்துக்கொண்டேன்.

ட்ரம்பெட், கிளாரினெட், பெரிய வளைந்த யூஃபோனியம், பக்கவாட்டில் தொங்கும் சின்ன டிரம்கள், ஓர் ஆள் உயரத்துக்குப் பாதி இருக்கும் பெரிய டிரம். வாசித்தவர்கள் எல்லோரும் பெண்கள். பெரும்பாலோர் நாற்பதைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். நைட்டிக்கு மேல் துண்டு போட்டவர்கள், பாத்திரம் துலக்கிய ஈரம் கையில் காயாதவர்கள்.

அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் மெர்சி. தரங்கம்பாடிக்காரர், முப்பது வயதிருக்கும், அரசுப் பள்ளி ஆசிரியை. சிறு வயது முதலே தேவாலயப் பேண்டில் வாசித்தவர். சங்கத்தின் செயலாளர் செல்வராணி, முதல் ட்ரம்பெட். எப்படி ஆரம்பித்தது என்று கேட்டேன். செல்வராணி ட்ரம்பெட்டைக் கவிழ்த்து எச்சில் நீரை உதறிக்கொண்டே சொன்னார்.

"நடவுக்கு மெஷின் வந்துச்சுக்கா. நாங்க ஒரு கும்பலா நாள் முழுக்க நடற வயல, அது டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள நட்டுட்டுப் போயிடும். அந்த வருஷம் பூராவும் கரையில நின்னு வேடிக்கை பாத்தோம். வேற என்ன செய்யிறது?"

மெர்சி சொன்னார்: "எங்க சர்ச்சுல புதுசு வாங்கினப்ப பழைய வாத்தியமெல்லாம் சும்மா கெடந்துச்சு. கேட்டேன், குடுத்தாங்க. இவங்க குனிஞ்சு நட்டுக்கிட்டே மணிக்கணக்கா பாடுனவங்க. அந்த மூச்சு வேற யாருக்கு இருக்கு? மேலூர்ல ஆள் தேடுனேன், பேண்டுக்குப் பத்தல. கீழூர்லயும் பத்தல. ரெண்டையும் சேத்தா சரியா இருந்துச்சு."

ஊர்களின் நிஜப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அதனால் மேலூர், கீழூர் என்றே வைத்துக்கொள்கிறேன். இரண்டுக்கும் நடுவே ஒரு வடிகால் ஓடுகிறது. எல்லையில் தண்ணீரைத் தடுத்து நிறுத்த அதற்கு ஓர் இரும்பு ஷட்டர். மழைக்காலத்தில் ஷட்டரைத் திறந்தால் மேலூர் வயல் வடியும், கீழூர் மூழ்கும். மூடினால் கீழூர் தப்பிக்கும், மேலூர் மூழ்கும். இதனால் பல வருடம் முன்பு அடிதடி நடந்து, ஒருவருக்குக் கை முறிந்து, அதன் பிறகு இரண்டு ஊருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது; பெண் கொடுப்பதும் எடுப்பதும் கிடையாது. ஆரம்பத்தில் மேலூர்ப் பெண்கள் ஒரு பாயிலும் கீழூர்ப் பெண்கள் இன்னொரு பாயிலும் உட்கார்ந்தார்களாம்.

பெரிய டிரம் அடிக்கும் கோமதி கீழூர்க்காரர். வாட்டசாட்டமான பெண். "எத்தன நாளைக்கிக்கா முறைச்சுக்கிட்டே இருக்கறது? பக்கத்துல இருக்கறவ எப்ப மூச்சு வாங்குறான்னு பாத்தாத்தான் நாம அடிக்க முடியும். பாத்துப் பாத்தே பழகிப்போச்சு" என்றார்.

மதியம் செல்வராணியோடு அவர் ஊரான மேலூரைச் சுற்றினேன். அவர் பெருமையடிக்கவில்லை; நான்தான் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ட்ரம்பெட்டுக்கும் ஜால்ராவுக்கும் ஒரே பங்கு. ஒரு பங்கு சங்கத்துக்கு. அந்தச் சங்கப் பங்கில் கோமதியின் மகள் நர்ஸிங் படிக்கிறாள். மழையில் சுவர் விழுந்த ஒரு வீட்டுக்குச் சுவர் எழுந்தது. யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்த டெய்லர், மற்ற ஊர் பேண்டுகளுக்கும் தைக்க ஆரம்பித்து இரண்டாவது மெஷின் போட்டிருக்கிறார். வாடகை வேன் ஓட்டியவர் சொந்த வேன் வாங்கிவிட்டார். வயலில் கூலிக்குக் கூப்பிடுகிறவர்கள்கூட, "வர முடியுமா?" என்று இப்போது கேட்டுத்தான் கூப்பிடுகிறார்களாம். "முன்னெல்லாம் 'வா'தான்" என்றார் செல்வராணி.

எங்கள் சங்கத்தை நினைத்துக்கொண்டேன். எங்களுக்குக் குளிர்சாதன மண்டபம் இருக்கிறது, முகப்பில் பளிங்குப் பலகை இருக்கிறது. மேடையில் யாருக்கு முதலில் பொன்னாடை என்பதுதான் போன வருடம் முழுக்க எங்கள் கூட்டங்களில் நடந்த விவாதம். ஒரு சங்கம் ஒரு வீட்டுக்குச் சுவர் எழுப்பும் என்பது என் புத்திக்கு எட்டியதே இல்லை.

அடுத்த நாள் பேராவூரணியில் ஒரு கல்யாணம். தென்னந்தோப்புகளுக்கு நடுவே மண்டபம். பெண்கள் புடவையில் வந்து இறங்கி, ஓர் அறைக்குள் போய், சிவப்புக் கோட்டும் கறுப்புப் பேன்ட்டுமாக வெளியே வந்தார்கள். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் தொடங்கியது. கோமதி பெரிய டிரம்மில் முதல் அடி விட்டதும் தெருவில் நின்ற நாய்கள் எழுந்து ஓடின. செல்வராணியின் ட்ரம்பெட் அதற்கு மேலே தனியாகப் போய், ஒரு பழைய மெட்டில் ஏறி நின்று, அங்கேயே கொஞ்ச நேரம் தங்கியது. ஊர்வலத்தில் வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மாப்பிள்ளையே காரிலிருந்து தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். நான் மண்டப வாசலில் நின்றபடி தலைவருக்குச் செய்தி அனுப்பினேன்: "அழைக்கலாம். தாராளமாக."

என் வேலை அதோடு முடிந்தது. மறுநாள் நடந்ததற்கும் அந்த வேலைக்கும் சம்பந்தமில்லை.

முகூர்த்தம் முடியும்போதே மழை வலுத்துவிட்டது. திரும்பும் வழியெல்லாம் சாலைக்கும் வயலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஓரிடத்தில் வேன் தண்ணீரில் நின்றுபோக, எல்லோரும் இறங்கித் தள்ளினோம். நானும் தள்ளினேன், ஒரு செருப்பு போனது. மீண்டும் ஏறி உட்கார்ந்தபோது செல்வராணியின் கைப்பேசி அடித்தது. அவர் கணவர் கலியபெருமாள். அவர் கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"கீழூரானுங்க ஷட்டர மூடிப்புட்டானுங்க. நம்ம சம்பா மொத்தமும் முங்கிக் கெடக்கு. இன்னும் ரெண்டு நாள் நின்னா அழுகிடும். எல்லாரும் மண்வெட்டியோட இங்க நிக்கிறோம். நீ அவளுங்களோட வராத. வழியில எறங்கிடு."

அவர் வைத்த சற்று நேரத்தில் கோமதியின் கைப்பேசி. அவர் அண்ணன் முருகையன். "மேலூரானுங்க ஷட்டர ஒடைக்க வந்துருக்கானுங்க. நாங்க விடமாட்டோம். அந்த வேன்ல வராத கோமதி, சொல்றதக் கேளு."

வேனுக்குள் வைப்பர் ஓடும் சத்தம் மட்டும். மேலூர்ப் பெண் ஒருத்தி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எல்லாம் இதோடு போயிற்று என்றுதான் நான் நினைத்தேன். மூச்சைப் பார்த்துப் பார்த்து இத்தனை வருடம் சேர்த்தது, ஒரு தொலைபேசியில்.

கோமதிதான் முதலில் வாயைத் திறந்தார். யாரையும் பார்க்காமல் சொன்னார். "எங்க ஊர் தாண்டி ரோட்டுல ஒரு சின்னப் பாலம் இருக்குல்ல, அதுலதான் அடப்பு. ஆகாயத்தாமரை மலையா வந்து சொருகி நிக்கிது. அது போச்சுன்னா தண்ணி தானா வடிஞ்சுடும். ஷட்டர் தொறந்தாலும் எங்களுக்கு ஒண்ணும் ஆவாது. எங்க ஆளுங்க மட்டும் இழுத்துப் பாத்தாங்க, அசையல."

"எங்க ஆளுங்க அங்க வரமாட்டாங்க. அன்னிக்கிக் கை ஒடஞ்சது அந்தப் பாலத்துகிட்டதான்" என்றார் செல்வராணி.

"தெரியும்."

செல்வராணி டிரைவரைக் கூப்பிட்டார். "தம்பி, ஷட்டருக்குப் போவாத. நேரா பாலத்துக்கு விடு." பிறகு ஜமால் பாய்க்குப் போன் போட்டார். "பாய், தடிக் கயிறு, கொக்கி, அருவா, எல்லாம் எடுத்துக்கிட்டுக் கீழூர்ப் பாலத்துக்கு வாங்க. கேள்வி கேக்காதீங்க."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாய் எங்களுக்கு முன்னால் வந்து நின்றிருந்தார். பின்னாலேயே, பாய் போனில் சொல்லி, மெர்சி ஸ்கூட்டியில் நனைந்துகொண்டு வந்தார். பாலத்தின் வாயை நான் பார்த்தேன். பச்சைப் பாய் மாதிரி ஆகாயத்தாமரை. அதன் மேல் ஆள் நடக்கலாம் போல அவ்வளவு கெட்டி. அதற்குப் பின்னால் தண்ணீர் கரையளவு ஏறி நின்றது. பெண்கள் கோட்டைக் கழற்றி வேனுக்குள் போட்டார்கள். பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டினார்கள். செல்வராணி அரிவாளோடு முதலில் தண்ணீரில் இறங்கினார். மார்பளவு.

வெட்டி, கொக்கி மாட்டி, கயிற்றைக் கரைக்குக் கொடுத்தார்கள். கரையில் நின்று இழுத்தோம். ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தோம், ஒன்றும் அசையவில்லை. மெர்சி கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பினார். "கோமதி, டிரம்ம எறக்கு."

"மழையில தோல் போயிடும் டீச்சர்."

"போனா போவட்டும்."

கோமதி டிரம்மைக் கரையில் நிறுத்தி ஓங்கி அடித்தார். ஒரு அடிக்கு ஒரு இழுப்பு. பல கல்யாணங்களுக்கு அந்த அடியில் கால் எடுத்து வைத்தவர்கள், இப்போது அதே அடியில் முதுகை வளைத்தார்கள். மூன்றாவது அடியிலோ நான்காவதிலோ ஒரு பெரிய துண்டு கழன்று கரைக்கு வந்தது. அந்த டிரம் சத்தம் வெட்ட வெளியில், தண்ணீர் மேல், எவ்வளவு தூரம் போகும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. ஷட்டரில் மண்வெட்டியோடு முறைத்துக்கொண்டு நின்ற இரண்டு ஊர் ஆண்களுக்கும் அது கேட்டிருக்கிறது.

முதலில் கீழூர் ஆட்கள் வந்தார்கள். பிறகு எதிர்க் கரையில் மேலூர் ஆட்கள். கலியபெருமாள் மனைவியைத் தண்ணீரில் பார்த்ததும் கத்தினார். "ஏய், என்ன பண்ற அங்க? இது எவன் ஊரு? ஏறுடி மேல!"

செல்வராணி திரும்பாமல் பதில் சொன்னார். "தண்ணி நம்ம வயல்லேருந்துதான வருது. எறங்குறதுன்னா எறங்கு. இல்லேன்னா கத்தாத, டிரம் கேக்கல."

யாரோ சிரித்தார்கள். எந்த ஊர்க்காரர் என்று தெரியவில்லை. ஆனாலும் ஆண்கள் யாரும் இறங்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போதுதான் அது நடந்தது. செல்வராணி வெட்டிய இடத்தில் அடைப்பு திடீரென்று உள்வாங்கியது. தண்ணீர் பாலத்தின் வாய்க்குள் பாய்ந்தது. அவரையும் சேர்த்து இழுத்தது. தலை ஒரு தடவை மேலே வந்தது, பிறகு இல்லை. கோமதியின் கை அந்தரத்தில் நின்றது. நான் கையிலிருந்த கயிற்றை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

முருகையன் குதித்தார். பாலத்துச் சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் துழாவி, சட்டையைப் பிடித்துத் தூக்கினார். எதிர்க் கரையிலிருந்து கலியபெருமாள் குதித்து நீந்தி வந்து இடுப்பைப் பிடித்தார். இருவருமாகக் கரையில் கிடத்தினார்கள். செல்வராணி இருமினார், தண்ணீரைக் கக்கினார், பிறகு எழுந்து உட்கார்ந்து, "அருவா போச்சு" என்றார்.

கலியபெருமாள் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துப் பிழிந்து முருகையனிடம் நீட்டினார். முருகையன் வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு, கீழே கிடந்த கயிற்றின் முனையை எடுத்து அவரிடம் கொடுத்தார். அவ்வளவுதான். அதன் பிறகு யார் எந்தக் கரை என்று எனக்குத் தெரியவில்லை. கோமதி அடித்துக்கொண்டே இருந்தார். டிரம்மின் தோல் நனைந்து சத்தம் மங்கியபோது பெண்கள் வாயால் அந்தத் தாளத்தைச் சொன்னார்கள், ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

வெளிச்சம் மங்குவதற்கு முன் அடைப்பு முழுதாக உடைந்தது. அந்தச் சத்தத்தை நான் மறக்க மாட்டேன். பச்சை மலை அப்படியே சுழன்று பாலத்துக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் சிதறிப் போனது. தண்ணீர் கண்ணெதிரே இறங்கியது. கரையில் ஈரக் கோடு தெரிய ஆரம்பித்தது. பின்னர் இரண்டு ஊர் ஆட்களும் சேர்ந்து போய் ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார்கள்.

எல்லாம் தப்பிவிடவில்லை. தாழ்வான வயல்கள் சில போய்விட்டன. கோமதியின் அண்ணன் வயலும் அதில் ஒன்று. பெரிய டிரம்மின் தோல் ஒரு பக்கம் கிழிந்துவிட்டது. ஆனால் மறுநாள் காலை வெயில் அடித்தபோது, சேற்று நிறத் தண்ணீருக்கு மேல் சம்பாவின் பச்சை நுனிகள் பரவலாகத் தெரிந்தன. நான் கரையில் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பேண்டு என்றால் கல்யாணத்துக்கு வாசிப்பது என்று நினைத்தவள் நான். இங்கே அது இரண்டு ஊர்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும் கயிறாக இருக்கிறது. அதை முறுக்கியவர்கள் கயிறு திரிக்கிறோம் என்று நினைத்துத் தொடங்கவில்லை. வயிற்றுப்பாட்டுக்காகத்தான் ஊத ஆரம்பித்தார்கள்.

நான் கிளம்ப வேண்டிய அன்று கிடங்கில் பயிற்சிக்குக் கூடியிருந்தார்கள். மாடிப்படியில் கனமான காலடிச் சத்தம். கலியபெருமாள், முருகையன், அவர்களுக்குப் பின்னால் இரண்டு ஊரிலிருந்தும் சிலர். இந்த மாடிக்கு அவர்கள் வருவது இதுதான் முதல் தடவை என்று மெர்சி என் காதில் சொன்னார். எங்கே நிற்பது என்று தெரியாமல் சுவரோரமாக நின்றார்கள்.

முருகையன்தான் தொண்டையைச் செருமினார். "தண்ணி வடிஞ்சதும் வடிகால் முழுக்கத் தூர்வாரலாம்னு ரெண்டு ஊர்லயும் பேசியிருக்கோம். வீட்டுக்கு ஒரு ஆளு. அன்னிக்கி நீங்க வந்து வாசிக்கணும். நீங்க அடிச்சாத்தான் வேலை ஓடும்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கெங்கோ போய் வாசித்தவர்கள் இரண்டு ஊரிலும் ஒரு தடவைகூட வாசித்ததில்லையாம், யாரும் கூப்பிட்டதில்லை. எந்த ஊர்த் தெருவில் முதலில் நடப்பது என்ற வம்பு வேண்டாம் என்று அவர்களும் கேட்டதில்லை.

கோமதி கிழிந்த தோலைத் தடவிக்கொண்டே கேட்டார். "வாசிக்கிறோம். எந்தக் கரையில நின்னு வாசிக்கிறது?"

முருகையன் கலியபெருமாளைப் பார்த்தார். கலியபெருமாள் கூரையைப் பார்த்தார். பாய் கீழே கடையில் யாருக்கோ ஆணி நிறுக்கும் சத்தம் கேட்டது.

"ஷட்டர் மேடையில நில்லுங்க. நடுவுல" என்றார் கலியபெருமாள் கடைசியில். "ரெண்டு பக்கத்துக்கும் கேக்கும்."

செல்வராணி ட்ரம்பெட்டை எடுத்து முந்தானையால் அதன் வாயைத் துடைத்தார். பிறகு கணவரைப் பார்த்து, "சரி, வர்றோம். இப்ப எல்லாரும் கீழ எறங்குங்க, பயிற்சி நடக்கணும்" என்றார்.

அவர்கள் வரிசையாக, சத்தம் போடாமல், படியிறங்கினார்கள்.